சத்தி சாலையில் பள்ளிப் பிள்ளைகள் பாதுகாப்பாகச் சைக்கிளில் செல்ல, மனுவில் எதைக் கேட்பது?

கணபதிவாசி (கோயம்புத்தூர்):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பள்ளியில் அரசின் விலையில்லா மிதிவண்டி கொடுத்திருக்கிறார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அதில் பாதித் தூரத்தைச் சத்தி சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் கடக்க வேண்டியிருப்பதால், வண்டி வாசலிலேயே நிற்கிறது. அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு வருகிறோம். எங்கள் பகுதியில் பல வீடுகளில் இதே நிலைதான் என்பதால், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மாமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்க இருக்கிறோம். சாலையோரத்தில் பச்சை வண்ணத்தில் ஒரு தடம் வரைந்தால் போதும் என்கிறார் ஒருவர். சங்கனூர்ப் பள்ளம் என்னும் ஓடையின் கரையோரமாகத் தனிப்பாதை கேட்கலாம் என்கிறார் இன்னொருவர். நெதர்லாந்தில் சிறு பிள்ளைகள்கூடப் பெற்றோர் துணையின்றிச் சைக்கிளில் பள்ளிக்குச் செல்வதாகப் படித்திருக்கிறேன். அங்கே செய்தவற்றில் எது நம் ஊருக்குப் பொருந்தும், முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஐந்தோவனில் பணிபுரிந்தவர் (பீளமேடு):

ஐயா, பச்சைத் தடத்தை மட்டும் கேட்காதீர்கள். அது அடுத்த வாரமே கார் நிறுத்தும் இடமாகிவிடும். நிறுத்தியிருக்கும் காரைச் சுற்றிக்கொண்டு பிள்ளை பேருந்தின் முன்னால் வர நேரும்.

நான் பணிபுரிந்த ஐந்தோவன் நகரம் உள்ள நெதர்லாந்து தொடக்கத்திலிருந்தே அப்படி இருந்ததில்லை என்பதை மனுவில் ஒரு வரியாவது எழுதுங்கள், ஏனெனில் “அவர்கள் ஊர் வேறு” என்பதுதான் நீங்கள் கேட்கப்போகும் முதல் மறுப்பு. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார்களுக்காகச் சாலைகளை அகலப்படுத்தினார்கள், சைக்கிள்கள் ஓரங்கட்டப்பட்டன. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அதைப் பொறுக்காத பெற்றோர்கள் “குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்” என்ற இயக்கத்தைத் தொடங்கித் தெருவில் இறங்கினார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னர்தான் ஹேக், தில்புர்க் நகரங்களில் சோதனைத் தடங்களும், 1980களில் டெல்ஃப்ட் நகரம் முழுவதற்குமான வலைப்பின்னலும் வந்தன. 2023-இல் அந்நாட்டின் மொத்தச் சாலை மரணங்கள் 684.

அவர்களின் அடிப்படை விதி வேகத்தைப் பற்றியது. ஒரு சாலை வாகனங்கள் விரைந்து கடப்பதற்கா, அல்லது வீடு, கடை, பள்ளிகளுக்குப் போய்வருவதற்கா என்பதை முதலில் தீர்மானிக்கிறார்கள். இரண்டாவது வகையென்றால் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறைத்து, சைக்கிளும் காரும் ஒன்றாகவே செல்ல விடுகிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வாகனங்கள் ஓடும் முக்கியச் சாலையென்றால், உயர்ந்த கரைக்கல்லாலோ செடி வைத்த திட்டாலோ பிரிக்கப்பட்ட தனித்தடம் அமைக்கிறார்கள். 50-இல் செல்லும் வாகனம் ஓட்டுநர் சுதாரிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு நொடியிலேயே 14 மீட்டர் கடந்துவிடும், 30-இல் செல்வது 8 மீட்டர்தான்; மோதும்போது வெளிப்படும் ஆற்றலோ 50-இல் ஏறத்தாழ மூன்று மடங்கு. சத்தி சாலைக்குக் கரைக்கல் வைத்த தனித்தடத்தையும், உங்கள் உட்தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் வேகத்தையும் கேளுங்கள்.

சாலைப் பணிப் பொறியாளர், ஓய்வு (ஈரோடு):

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மனுக்களில் எல்லோரும் தடத்தின் நீளத்தைக் கேட்கிறார்கள், சந்திப்புகளை மறந்துவிடுகிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு அழகான தடம் அமைத்து, சந்திப்பு வந்ததும் அதை அப்படியே முடித்துவிட்டால், மிகவும் ஆபத்தான இடத்தில்தான் பிள்ளையைக் கைவிடுகிறோம்.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் டச்சு வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் படிக்க வேண்டும். அவர்களுக்கு வலது திருப்பத்தில் உள்ள ஆபத்து நமக்கு இடது திருப்பத்தில் இருக்கிறது: நேராகச் செல்லும் சைக்கிளை, இடப்பக்கம் திரும்பும் லாரி பக்கவாட்டில் நெருக்கி மோதிவிடுகிறது, அந்தப் பக்கத்தில் ஓட்டுநருக்குப் பார்வையே இல்லாத பரப்பு மிகப் பெரியது. இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, முனையில் ஒரு சிறிய திட்டு அமைத்து, சைக்கிள் கடக்கும் இடத்தை ஏறக்குறைய ஒரு கார் நீளம், அதாவது ஐந்து மீட்டர் அளவுக்கு, வாகனம் திரும்பிச் செல்லும் சாலைக்குள் தள்ளி வைப்பது. திட்டைச் சுற்றி மெதுவாகத் திரும்பி முடித்த ஓட்டுநருக்குச் சைக்கிள் பக்கவாட்டில் ஒளியாமல் நேரெதிரே தெரியும். அவர் நின்று வழிவிட்டாலும் பின்னால் வரும் வாகனங்களுக்கு இடைஞ்சல் இல்லை. நாமோ இதற்கு நேர்மாறாக, முனையை வளைத்து அகலப்படுத்தி, சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்பும் “ஃப்ரீ லெஃப்ட்” கொடுக்கிறோம். உங்கள் மனுவில் ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் இடமென்றால், பள்ளிக்கு அருகிலுள்ள சந்திப்பில் அந்த ஃப்ரீ லெஃப்டை எடுத்துவிடச் சொல்லி எழுதுங்கள் என்பேன்.

கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருப்பது கார் ஓட்டுகிறவர்களுக்குக் காத்திருப்பைக் குறைத்திருக்கலாம். சைக்கிளில் வரும் பிள்ளையோ எதிர்ப்பக்கம் செல்வதற்காக வேகமான வண்டிகளைக் குறுக்காகக் கடந்து மையத் தடுப்பு வரை போக வேண்டும். அத்தகைய இடங்களில் சிக்னலுடன் கூடிய நேரான குறுக்குக் கடவை வேண்டும்.

சிறிய விஷயங்களையும் விடாதீர்கள். பக்கத் தெரு சேரும் இடங்களில் தடம் தாழாமல் அதே மட்டத்தில் தொடர வேண்டும். தெருவிலிருந்து வரும் வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சைக்கிள் செல்லும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இல்லையேல் சக்கரம் சிக்கும். மிதிவண்டித் தடங்களுக்கென்றே, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை, ஐ.ஆர்.சி. 11, 2015-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதை மேற்கோள் காட்டினால் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது.

பனியன் கம்பெனி மேற்பார்வையாளர் (திருப்பூர்):

எங்கள் ஊர்த் தெருக்களில் தனித்தடத்துக்கு இடமே கிடையாது. துணி மூட்டை ஏற்றிய டெம்போ நின்றால் ஆள் நடக்கவே வழியில்லை. அங்கெல்லாம் முக்கியச் சாலையின் நெரிசலுக்குத் தப்பிக் குறுக்கே புகுந்து ஓடும் வண்டிகளைத் தடுத்தாலே போதும். தெருவின் நடுவில் சில தடுப்புக் கம்பங்களை நட்டு, சைக்கிளும் நடப்பவரும் மட்டும் கடக்கும்படி செய்தால், அங்கே குடியிருப்பவரும் கடைக்குச் சரக்கு இறக்குபவரும் ஏதாவது ஒரு முனையிலிருந்து வந்து போகலாம், ஆனால் ஊடுருவி ஓட முடியாது. செலவும் மிகக் குறைவு.

கரையோரப் பாதை பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். பகலில் அது இனிமையான வழியாக இருக்கலாம். எங்கள் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்து செல்லும் பெண்கள், வண்டிகள் பாய்ந்தாலும் கடைகளும் விளக்குகளும் உள்ள சாலையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத் திரும்பும் பிள்ளைக்கும் அதுவே பொருந்தும். கரையில் பாதை வந்தால் வரட்டும், ஆனால் அதைக் காட்டிச் சாலையில் தடம் தேவையில்லை என்று சொல்ல இடம் கொடுத்துவிடாதீர்கள்.

கணபதிவாசி (கோயம்புத்தூர்):

மூவருக்கும் மிக்க நன்றி. சங்கக் கூட்டத்தில் இவற்றைப் படித்துக் காட்டினேன். ஃப்ரீ லெஃப்டையும் உட்தெருக் கம்பங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். தனித்தடம் அமைத்தால் பைக்குகள்தான் அதில் ஓடும் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் விடையில்லை.

ஐந்தோவனில் பணிபுரிந்தவர் (பீளமேடு):

நியாயமான அச்சம்தான், ஐயா. நெதர்லாந்துக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. அங்கே மொபெட்டுகள் நெடுங்காலம் சைக்கிள் தடத்தில் ஓடின. 1999-இல் ஊர்ப்பகுதிகளில் வேகமான மொபெட்டுகளைப் பொதுவாகச் சாலைக்கு மாற்றினார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரம் 2019-இல் மெதுவான வகையையும் ஹெல்மெட் கட்டாயத்துடன் சாலைக்கு அனுப்பியது. நம் ஊரில் பைக்குகளே பெரும்பான்மை என்பதால் சட்டம் மட்டும் போதாது. நுழைவில் கம்பம் வைத்தால், சைக்கிள் நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும்; இன்னும் குறுக்கினால் சக்கர நாற்காலிக்காரர் வெளியே நிற்பார். ஆகவே காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் போக்குவரத்துக் காவலரை நிறுத்துவதையும், சாலையில் பைக்குகள் தடத்தை நாடாதபடி வாகன நிறுத்தத்தை ஒழுங்குசெய்வதையும் மனுவிலேயே சேர்த்துக் கேளுங்கள். சத்தி சாலை நெடுஞ்சாலை என்பதால், மாமன்ற உறுப்பினருக்குக் கொடுக்கும் மனுவின் நகல் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் போக வேண்டும்.