மறு: போடோசைட்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘பாதவணு’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். போடோசைட் (podocyte) என்னும் சிறுநீரக உயிரணுவுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த ஒரு யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

> சிறுநீரகத்தில் வடிகட்டுவதுதானே இதன் வேலை? ‘வடிகட்டி உயிரணு’ என்றே வைத்துவிடலாமே.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் வடிகட்டும் வேலை இந்த ஓர் உயிரணுவுக்கு மட்டும் உரியதில்லை. ரத்தத்திலிருந்து வடியும் நீர் முதலில் துளைகள் நிறைந்த நுண்நாளச் சுவரைத் தாண்டுகிறது. அடுத்து அடித்தளச் சவ்வு. அதற்கும் வெளியே நாளத்தைக் கட்டிப் பிடித்தபடி நிற்பதுதான் போடோசைட். மூன்றும் சேர்ந்தே நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் ‘வடிகட்டி’ என்று பெயர் கொடுத்தால், பாடம் படிக்கும் பிள்ளை மற்ற இரண்டையும் மறந்துவிடும்.

அதனால் வடிவத்தை வைத்தே பெயரிடலாம் என்கிறேன். கிரேக்க மூலத்திலும் பாதம்தான் இருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். உயிரணுவின் உடலிலிருந்து சில தடித்த கிளைகள் கிளம்புகின்றன; அவற்றிலிருந்து வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பாதங்கள். இரண்டு கைகளையும் விரல் கோத்து இறுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படிப் பக்கத்து உயிரணுவின் பாதங்களோடு இவை கோத்துக்கொள்கின்றன. பெரிய கிளையைக் ‘கால்’ என்றும் நுனியில் இருப்பதைப் ‘பாதம்’ என்றும் பிரித்துச் சொல்லும் வசதி தமிழில் இருக்கிறது. அதை விடக் கூடாது.

வந்த பரிந்துரைகளில் ‘காலணு’ வேண்டாம். ஓர் எழுத்து பிசகினால் காலணி. ‘தாளணு’ அழகான சொல், ஆனால் இன்று தாள் என்றால் காகிதம். ‘கழலணு’வைத்தான் நான் மிகவும் யோசித்தேன். கழல் என்றால் பாதம், சரி. கூடவே கழன்று விழுவதும் நினைவுக்கு வரும், கழலைக் கட்டியும் நினைவுக்கு வரும். மருத்துவச் சொல்லில் இந்தக் குழப்பம் ஆபத்து. ‘பாதவணு’ அப்படி எதையும் இழுத்துக்கொண்டு வருவதில்லை. பாதம் வடசொல் என்ற எதிர்ப்பை மதிக்கிறேன். ஆனாலும் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் அது.

இனி இன்னொரு கேள்வி: பாதமே முளைக்காத நிலையில் இதை என்னவென்று அழைப்பது? கருவில் சிறுநீரகம் உருவாகும்போது, ஒன்றுகூடிய உயிரணுக்கள் முதலில் சிறு குமிழாகின்றன, பிறகு காற்புள்ளி போல வளைகின்றன, அதன்பின் எஸ் வடிவம் எடுக்கின்றன. அந்த எஸ்ஸின் கீழ் வளைவில் தூண்கள்போல நெருக்கமாக நிற்பவைதான் நாளைய பாதவணுக்கள். அப்போது பாதமும் இல்லை, இடைவெளியும் இல்லை. அவை சுரக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி ரத்தநாள உயிரணுக்களைத் தன் பக்கம் இழுக்கிறது. நுண்நாளம் உள்ளே நுழைந்து சுருளச் சுருள, இந்த உயிரணுக்களுக்கு நடுவே தலைப்பக்கம் இருந்த இறுக்கமான இணைப்புகள் மெல்ல அடிப்பக்கம் இறங்குகின்றன, பாதங்கள் விரிகின்றன, நடுவில் மெல்லிய திரை விழுகிறது. இந்த நுண்நாளக் கட்டத்திலேயே அவை பிளவுபடுவதையும் நிறுத்திவிடுகின்றன. பின்னால் ஓர் உயிரணு உதிர்ந்தால், பக்கத்தில் இருப்பது பிளந்து அந்த இடத்தை நிரப்பாது. நிறைய உதிர்ந்தால் அங்கே தழும்புதான். இவ்வளவு நுணுக்கமாக வளரும் ஒன்றுக்கு வளர்நிலைச் சொற்களையும் சேர்த்தே யோசிக்க வேண்டாமா?

‘முன்பாதவணு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பாதம் என்றால் காலின் முன்பகுதி, ஆகவே அது சரிவராது. ‘பாதவணு முன்னோடி’, ‘இளம் பாதவணு’, ‘முதிர்ந்த பாதவணு’ என்று மூன்று படிகளாக வைக்கலாம். முதிர்ச்சி என்பதே சரி. முதுமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது மூப்படைவது.

பாதங்களுக்கு நடுவிலுள்ள திரைக்கு ‘இடுக்குத் திரை’ என்பது என் பரிந்துரை. ஆங்கிலத்தில் அது slit diaphragm; அதைப் பார்த்து ‘விதானம்’ போட்டால் மூச்சுக்கு உதவும் உதரவிதானம் வந்து நிற்கும். நெஃப்ரின் என்ற புரதத்தின் மரபணு 1998-இல் அடையாளம் காணப்பட்டது. பிறவியிலேயே சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு நோய்க்குக் காரணம் அதன் பழுதுதான் என்றும் அப்போது தெரிந்தது. அந்தப் புரதம் இருக்கும் இடம் இந்த இடுக்குத் திரைதான். நெஃப்ரினை அப்படியே ஒலிபெயர்த்துக்கொள்வோம், புரதப் பெயர்களை மொழிபெயர்க்கத் தொடங்கினால் முடிவே இருக்காது.

கடைசியாக ஒன்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நோய் வரும்போது இந்தப் பாதங்கள் உள்ளிழுத்துக்கொண்டு தட்டையாகிவிடும். ‘பாதத் தேய்வு’ என்று எழுதியிருந்தேன். தேய்ந்தது திரும்பாது, ஆனால் குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஒரு வகை நோயில், ஸ்டீராய்டு கொடுத்ததும் பெரும்பாலும் பாதங்கள் மறுபடி விரிகின்றன. ஆமை ஒடுங்குவதுபோல என்று பார்த்தால் ‘பாத ஒடுக்கம்’ பொருந்துகிறது. ஆனால் தட்டையாகப் பரவுவது அதில் வரவில்லை. சிறுநீரக மருத்துவம் படித்தவர்கள் இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

அன்புடன்