ஒரே பொது ஐ.பி. முகவரிக்குப் பின்னால் மூன்று சர்வர்கள்: முகப்பில் பிராக்ஸியா, தனித்தனிப் போர்ட்டா?

அச்சுக்கூடம்:
வணக்கம். எங்கள் சிறிய பதிப்பகத்தில் மூன்று சர்வர்கள் இயங்குகின்றன. ஒன்றில் நூல் விற்பனைத் தளம், இன்னொன்றில் எழுத்தாளர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெக்ஸ்ட்கிளவுட், மூன்றாவதில் கணக்கு மென்பொருள். இணைய இணைப்பு தருபவர்கள் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்திருப்பது ஒரே ஒரு நிலையான ஐ.பி. முகவரிதான். ரூட்டரில் 443ஆம் போர்ட்டை, அதாவது பாதுகாப்பான இணையத் தளங்களுக்கான வாசல் எண்ணை, 192.168.1.11க்குத் திருப்பிவிட்டதும் விற்பனைத் தளம் வெளியில் தெரிந்தது. அதே 443ஐ 192.168.1.12க்கும் திருப்ப முயன்றால் ரூட்டர் ஏற்க மறுக்கிறது. மூன்றுக்கும் வெவ்வேறு டொமைன் பெயர்கள் இருக்கின்றன. பெயர் வேறாக இருந்தும் ரூட்டரால் ஏன் பிரித்தனுப்ப முடியவில்லை, இதற்குச் சரியான வழி எது என்று விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நேர்வழி:
ரூட்டருக்கு உங்கள் டொமைன் பெயர் தெரியவே தெரியாது. வாசகரின் உலாவி முதலில் டி.என்.எஸ்.ஸிடம் கேட்டுப் பெயரை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. அதன்பின் கிளம்பும் பாக்கெட்டின் (தரவுப் பொட்டலத்தின்) மேலுறையில் ஐ.பி. முகவரியும் போர்ட் எண்ணும் மட்டுமே இருக்கும். மூன்று பெயர்களும் ஒரே எண்ணாக மாறிவிடுவதால், வாசலுக்கு வந்து சேரும் மூன்றும் ரூட்டருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே போர்ட்டை வேறாக்குங்கள்: 443 விற்பனைத் தளத்துக்கு, 8443 நெக்ஸ்ட்கிளவுட்டுக்கு, 9443 கணக்குக்கு. ரூட்டரில் மூன்று வரிகள், வேறு கணினி தேவையில்லை, பழுது வந்தால் எங்கே பார்ப்பது என்ற குழப்பமும் இல்லை.

முகப்புக்காவலர்:
நேர்வழி அவர்கள் சொன்ன காரணம் முற்றிலும் சரி, தீர்வில்தான் உடன்படவில்லை. முகவரியின் கடைசியில் ":8443" என்று தட்டச்சு செய்ய வேண்டும் என்பதை ஒவ்வோர் எழுத்தாளருக்கும் விளக்குவதே ஒரு வேலையாகிவிடும். அதைவிடப் பெரிய இடர், பல கல்லூரிகளும் அலுவலகங்களும் வெளியே செல்வதற்கு 80, 443 ஆகிய இரண்டை மட்டுமே திறந்து வைத்திருப்பது. அங்கே உட்கார்ந்து மெய்ப்புப் பார்ப்பவருக்கு உங்கள் நெக்ஸ்ட்கிளவுட் திறக்காது, ஏன் திறக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

பாக்கெட்டின் மேலுறையில் பெயர் இல்லை என்பது உண்மை, ஆனால் உள்ளே இருக்கிறது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்.டி.டி.பி.யின் 1997 சனவரியில் வெளியான 1.1 தரவரையறை, ஒவ்வொரு கோரிக்கையிலும் "ஹோஸ்ட்" என்ற வரியில் தளத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று விதித்தது. ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்களை நடத்துவது அதன் பிறகுதான் எளிதாயிற்று. மறையாக்கப்பட்ட இணைப்பில் அந்த வரியும் உறைக்குள் போய்விடுவதால் மறுபடியும் சிக்கல் எழுந்தது. 2003இல் வரையறுக்கப்பட்ட எஸ்.என்.ஐ. நீட்சி, இணைப்பு தொடங்கும் முதல் செய்தியிலேயே தளத்தின் பெயரை மறையாக்கம் இல்லாமல் சொல்ல வழி செய்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதைக் கடைசிவரை கற்றுக்கொள்ளாததால் பல ஆண்டுகள் தயங்கினோம். இன்று அந்தத் தயக்கத்துக்குக் காரணமில்லை.

ஆகவே 192.168.1.10 என்று நான்காவது கணினியை, மிகச் சிறியதாக இருந்தாலும் போதும், முகப்பில் வையுங்கள். அதில் என்ஜின்எக்ஸ் அல்லது ஹெச்ஏபிராக்ஸி என்ற பிராக்ஸி (இடையில் நின்று கோரிக்கைகளை வாங்கிப் பிரித்தனுப்பும்) மென்பொருளை நிறுவி, ரூட்டரின் 80, 443 இரண்டையும் அதற்கே திருப்புங்கள். பெயரைப் படித்து உரிய சர்வருக்கு அனுப்புவது அதன் பொறுப்பு. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: மறையாக்க இணைப்புக்குத் தேவையான சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், வழக்கமான முறையில் அதைத் தரும்போது 80ஆம் போர்ட்டில்தான் வந்து சோதிக்கும். தனித்தனிப் போர்ட் முறையில் 80 ஒரு சர்வருக்கு மட்டுமே போகும் என்பதால் மற்ற இரண்டும் டி.என்.எஸ். பதிவு வழியாகச் சோதனையை முடிக்க வேண்டியிருக்கும்.

நேர்வழி:
சான்றிதழைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முகப்புப் பிராக்ஸியை நான் தயக்கத்தோடு பார்ப்பதற்குப் பட்ட அனுபவம் காரணம், அதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இதே அமைப்புதான் இருந்தது. ஒருநாள் காலை ஒன்பதரை மணிக்கு எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, பிராக்ஸியும் ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், வந்தவர்கள் எல்லோருடைய முகவரியும் 192.168.1.10 என்றே வரி வரியாக நின்றது. பிராக்ஸி தன் பெயரில் புதிய இணைப்பைத் தொடங்குவதால் பின்னாலுள்ள சர்வர்களுக்கு உண்மையான வருகையாளர் தெரிவதில்லை. வெளியிலிருந்து யாரோ கடவுச்சொல்லைத் தொடர்ந்து தவறாக முயன்றிருக்கிறார்கள்; அப்படிப்பட்டவர்களைத் தானாகவே தடுக்கும் ஃபெயில்டுபேன் ஒவ்வொரு சர்வரிலும் 192.168.1.10ஐத் தடுத்துவிட்டது. தாக்க வந்தவர் தப்பினார், எங்கள் வாசலை நாங்களே பூட்டிக்கொண்டோம். காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. மறையாக்கத்தைப் பிராக்ஸியில் அவிழ்த்தால், மூன்று தளங்களின் சாவிகளும் கணக்கு விவரங்களும் அந்த ஒரு கணினியில் வெளிப்படையாக நிற்கும். அதற்குள் ஒருவர் நுழைந்தால் மூன்றுக்குள்ளும் நுழைந்ததற்குச் சமம்.

முகப்புக்காவலர்:
இரண்டு குறைகளும் உண்மையானவை, இரண்டுக்கும் தீர்வு உண்டு. பிராக்ஸி, வந்தவரின் முகவரியை "எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்" என்ற தலைப்பு வரியில் எழுதி அனுப்பலாம். பின்னாலுள்ள சர்வர் 192.168.1.10இலிருந்து வரும்போது மட்டுமே அந்த வரியை நம்பும்படி அமைக்க வேண்டும் என்பது கட்டாயம்; அதை விட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் பொய் முகவரியை எழுதி அனுப்பலாம்.

மறையாக்கத்தைப் பிராக்ஸியில் அவிழ்க்கவே வேண்டியதில்லை என்பதையும் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என்ஜின்எக்ஸின் ஸ்ட்ரீம் பகுதியில் "எஸ்எஸ்எல் பிரீரீட்" என்ற வசதி இருக்கிறது. எஸ்.என்.ஐ.யில் உள்ள பெயரை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, உறையைப் பிரிக்காமல் அப்படியே உரிய சர்வருக்குத் தள்ளிவிடும். சாவிகள் அந்தந்தச் சர்வரிலேயே இருக்கும். இந்த முறையில் தலைப்பு வரி சேர்க்க முடியாதாகையால், வருகையாளரின் முகவரியை இணைப்பின் தொடக்கத்திலேயே சொல்லும் பிராக்ஸி புரோட்டோகாலைப் பயன்படுத்த வேண்டும்.

ஆறாம்பதிப்பு:
இரண்டு தரப்பும் பற்றாக்குறையை மாறாத விதியாக எடுத்துக்கொண்டு வாதிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நாம் பேசும் ஐ.பி. முகவரி நான்காம் பதிப்பைச் (ஐ.பி.வி.4) சேர்ந்தது, 32 பிட் நீளமுடையது; மொத்தம் சுமார் 429 கோடி. உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்கும் ஐ.ஏ.என்.ஏ.விடம் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அமேசான் மேகச் சேவையில் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது நான்காம் பதிப்பு முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறார்கள். அதன் புதிய வடிவமான ஆறாம் பதிப்பில் (ஐ.பி.வி.6) முகவரி 128 பிட். மூன்று சர்வர்களுக்கும் தனித்தனிப் பொது முகவரி கிடைக்கும், மூன்றும் 443லேயே இயங்கும், இடையில் பிராக்ஸியும் வேண்டாம். உங்கள் இணைப்பில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு குறிப்பு. அச்சுக்கூடம் அவர்களைப் போல நிலையான முகவரி வாங்காதவர்கள், ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் இணைப்புத் தருபவரே ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறார் என்று பொருள். உங்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திருப்பினாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வந்து சேராது.

நேர்வழி:
ஆறாம் பதிப்பை நானும் வரவேற்கிறேன். ஆனால் நான்காம் பதிப்பு மட்டுமே உள்ள அலுவலகத்திலிருந்து நூல் வாங்க வருபவரை நாம் திருப்பியனுப்ப முடியாது. எனவே அது இந்த ஏற்பாட்டோடு சேர்ந்து வர வேண்டுமே தவிர, இதற்கு மாற்றாகாது. தனி முகவரி கிடைத்தவுடன் ரூட்டரின் தீயரணில் எதை அனுமதிப்பது என்பதையும் சர்வர்வாரியாக எழுதியாக வேண்டும்.

எல்லோரும் விட்டுவிட்ட கேள்வி ஒன்றுண்டு: கணக்கு மென்பொருள் எதற்காகப் பொது இணையத்தில் தெரிய வேண்டும்? அதைப் பயன்படுத்துபவர்கள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்கு மறையாக்கப்பட்ட சுரங்கம் அமைத்துத் தரும் வி.பி.என். மென்பொருளான வயர்கார்டை நிறுவி, ஒரே ஒரு யு.டி.பி. போர்ட்டை, வழக்கமாக 51820ஐ, திறந்துவிடுங்கள். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே தராது. அங்கே ஒரு கதவு இருப்பதே வெளியே தெரியாது. சுரங்கத்துக்குள் வந்தபின் மூன்று சர்வர்களையும் உள் முகவரியாலேயே அடையலாம்.

முகப்புக்காவலர்:
இதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. கணக்கைப் பிராக்ஸிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அச்சுக்கூடம்:
எல்லோருக்கும் நன்றி. விற்பனைத் தளத்தையும் நெக்ஸ்ட்கிளவுட்டையும் உறை பிரிக்காத முறையில் பிராக்ஸிக்குப் பின்னால் வைத்தேன். கணக்கு இப்போது வயர்கார்டு வழியாக மட்டுமே. பதிவேட்டில் உண்மையான முகவரிகள் வருகின்றன. ஆனால் புதிய குழப்பம் ஒன்று: கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் தளம் உடனே திறக்கிறது. அதே கைப்பேசியை அலுவலக வைஃபையில் இணைத்தால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. இன்னொன்று, மூன்று கணினிகளுக்கும் வீட்டிலிருந்து எஸ்.எஸ்.ஹெச். (தொலைவிலிருந்து கட்டளை கொடுத்து இயக்கும் முறை) மூலம் நுழைய வேண்டும். அதையும் பெயரைக் கொண்டு பிரிக்க முடியுமா?

முகப்புக்காவலர்:
வைஃபையில் இருக்கும்போது கைப்பேசி உங்கள் பொது முகவரியை நாடி ரூட்டருக்குப் போகிறது. வெளியே செல்ல வந்த பாக்கெட்டை மறுபடி உள்ளேயே திருப்பும் "ஹேர்பின் நாட்" வசதி எல்லா ரூட்டரிலும் இருப்பதில்லை. இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் அலுவலகத்துக்குள் ஒரு டி.என்.எஸ். சர்வரை வைத்து, உள்ளே இருந்து கேட்பவர்களுக்கு மட்டும் அதே பெயருக்கு 192.168.1.10 என்று பதில் தரச் செய்யுங்கள். இரண்டாவது வழியே உறுதியானது என்பது என் கருத்து.

பொருந்தாத பெயரோடு வருபவர்களுக்கு என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுங்கள். ஐ.பி. எண்ணைக் கொண்டு துழாவும் நிரல்கள் நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். அவற்றின் இணைப்பை எந்தச் சர்வருக்கும் அனுப்பாமல் துண்டிப்பதே நல்லது.

நேர்வழி:
எஸ்.எஸ்.ஹெச். இணைப்பில் எந்தப் பெயரை நாடி வந்தோம் என்று சொல்லும் இடமே கிடையாது. ஆகவே முகப்பில் நிற்கும் எதனாலும் அதைப் பெயர்வாரியாகப் பிரிக்க முடியாது. வயர்கார்டு இருப்பதால் உங்களுக்குக் கவலையில்லை: சுரங்கத்துக்குள் வந்து 192.168.1.11, 192.168.1.12 என்று நேரடியாக நுழையுங்கள். எஸ்.எஸ்.ஹெச்.சின் போர்ட்டான 22ஐ வெளியே திறக்க வேண்டாம்.

பிராக்ஸிக் கணினி ஒருநாள் பழுதாகும் என்ற என் கவலை மட்டும் இன்னும் தீரவில்லை. அதற்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ரூட்டரில் 443ஐ விற்பனைத் தளத்துக்கே திருப்பும் ஒரு வரியை எழுதி, முடக்கி வையுங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 192.168.1.11இன் 443ஆம் போர்ட் இப்போது பிராக்ஸி புரோட்டோகாலின் முன்வரியை எதிர்பார்த்து நிற்கிறது. வாசகரின் உலாவி நேரடியாக வந்தால் அந்த வரி இருக்காது, இணைப்பு முறிந்துவிடும். ஆகவே அதே சர்வரில் 8443ஐ அந்த எதிர்பார்ப்பு இல்லாமல் திறந்து, முடக்கி வைத்த வரி வெளிப்புற 443ஐ 192.168.1.11இன் 8443க்குத் திருப்பும்படி எழுதுங்கள். சாவியும் சான்றிதழும் அங்கேயே இருப்பதால் வேறெதையும் மாற்ற வேண்டியிராது.

அச்சுக்கூடம்:
உள் டி.என்.எஸ். வைத்தபின் வைஃபையிலும் தளம் திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் பிராக்ஸியின் கேபிளைக் கழற்றிவிட்டு, முடக்கி வைத்திருந்த வரியை இயக்கி, மொபைல் டேட்டாவில் பார்த்தேன். நெக்ஸ்ட்கிளவுட் எதிர்பார்த்தபடியே வரவில்லை. விற்பனைத் தளம் வந்தது. ஒரு நூலைக் கூடையில் போட்டுப் பணம் செலுத்தும் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கேபிளை மறுபடி செருகினேன்.