தாத்தாவின் லேண்ட் குரூசருக்கு ஏசி: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

நான், காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் 1978ஆம் ஆண்டு டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 வண்டிக்கு ஏசி பொருத்துவது பற்றி நேற்று தொலைபேசியில் ஆளுக்கொரு பக்கமாகப் பேசினோம். அதை இங்கே ஒழுங்காகப் பேசி முடிவெடுத்துவிடலாம். சென்ற முறை மலைப்பாதையிலிருந்து திரும்பும்போது, நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்ததற்கே தாத்தாவுக்குத் தலை சுற்றிவிட்டது. அவர் பக்கத்து இருக்கையில் இல்லாமல் அந்த வண்டியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கி உள்காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பெரியப்பா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா, காலை 6:58
எனக்கு இதில் விருப்பமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் அப்பா காப்பாற்றி வைத்திருக்கும் வண்டி அது. எஞ்சினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் துளை, கிரில்லில் வெட்டு, டேஷ்போர்டில் பிளாஸ்டிக் பெட்டி என்று ஆரம்பித்தால், கடைசியில் நம்மிடம் இருப்பது அப்பாவின் வண்டியாக இருக்காது. ஒருமுறை வெட்டிய தகட்டை எந்தப் பெயின்ட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

பெரியப்பா, காலை 7:25
தம்பியின் கவலை நியாயமானது. ஆனால் கிட் வாங்குவதைப் பற்றியோ துளை இடுவதைப் பற்றியோ பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பணிமனையில் இருந்த காலத்தில், இப்படிப்பட்ட பழைய வண்டிகளுக்குப் பெரிய கம்ப்ரசரைப் போட்டும் குளிரவில்லை என்று திரும்பி வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஏசியில் குறை இருக்காது. உள்ளே வருகிற வெப்பத்தை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு தாளை நீளமாகக் கிழித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவை மூடிவிட்டு இழுத்துப் பார். தாள் தடையில்லாமல் கையோடு வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் பீடிங் வேலை செய்யவில்லை என்று பொருள். கதவைச் சுற்றிலும், பின்கதவிலும், கூரை உடலோடு சேரும் விளிம்பிலும் ஒவ்வொரு சாணுக்கும் இப்படிப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள். பிறகு இரவில் நீ உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே ஒருவரை எஞ்சின் பக்கம் டார்ச் அடிக்கச் சொல். ஃபயர்வாலில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் எஞ்சினின் சூடான காற்றும் கசிகிறது.

நான், காலை 7:31
சரி, பெரியப்பா. இன்று மாலையே பார்த்துவிடுகிறேன். கியர் லீவரைச் சுற்றியுள்ள தகடு மிகவும் சுடுகிறது. சென்ற பயணத்தில் செருப்பைத் தாண்டிக் காலில் சூடு ஏறியது.

பெரியப்பா, காலை 7:50
அந்தத் தகட்டுக்கு அடியில்தான் கியர்பாக்ஸும், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இருக்கின்றன. சைலன்சர் குழாயும் தரையை ஒட்டியே போகிறது. மெதுவாக, தாழ்ந்த கியரில் ஏறும்போது கீழே காற்றோட்டம் இல்லாததால் அத்தனை சூடும் தரை வழியாக மேலே வரும். எனவே தரைவிரிப்பு மேட்டை முழுவதும் கழற்றி, துருவைச் சுத்தம் செய்து, ரப்பர் போன்ற பியூட்டைல் பட்டையை ஒட்டி, அதன்மேல் நீர் புகாத, மூடிய துளைகள் கொண்ட ஃபோம் விரிக்க வேண்டும். பியூட்டைல் அதிர்வையும் சத்தத்தையும்தான் முக்கியமாகத் தடுக்கும், வெப்பத்தைத் தடுப்பது ஃபோம்தான். பலர் முதலாவதை மட்டும் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்பாஞ்சு போன்ற சாதாரண ஃபோம் வேண்டாம். அது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு தரையைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

கூரைக்கு அடியிலும் அதே ஃபோம் போக வேண்டும். ஹீட்டருக்குப் போகும் வெந்நீர்க் குழாயின் வால்வு முழுமையாக மூடுகிறதா என்பதையும் பார்த்துவிடு. அது சிறிது கசிந்தால்கூட, ஒரு பக்கம் ஏசியும் மறுபக்கம் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும்.

சித்தப்பா, காலை 8:05
இதில் எதற்கும் வண்டியை வெட்ட வேண்டியதில்லை என்பதால் எனக்கு முழுச் சம்மதம். அப்படியே ஏசி வைத்துத்தான் தீர வேண்டும் என்றால், ஷெட்டில் துணி சுற்றி வைத்திருக்கும் பழைய இரண்டு சிலிண்டர் கம்ப்ரசரைப் பயன்படுத்தலாமே. அது அந்தக் காலத்துப் பொருள், வண்டியோடும் பொருந்தும்.

பெரியப்பா, காலை 8:40
அது ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் கேஸுக்காகச் செய்யப்பட்டது. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் கேஸ்களில் அதுவும் ஒன்று என்பதால், 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 1995 முடிவோடும், வளரும் நாடுகளில் 2010க்குள்ளும் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இப்போது நாம் நிரப்பப்போவது ஆர்-134ஏ. பழைய கம்ப்ரசருக்குள் இருக்கும் மினரல் ஆயில் இந்தக் கேஸோடு கலந்து ஓடாது. ஆயில் எங்கேயாவது தேங்கி நின்றுவிட, கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் தேய்ந்துபோகும். இந்தக் கேஸோடு கலக்கும் பாக் என்ற செயற்கை ஆயில் வேண்டும்.

அது மட்டுமன்று. அந்த இரண்டு சிலிண்டர் கம்ப்ரசர் கனமானது, அதிர்வும் அதிகம். கல்லும் பள்ளமுமாக இருக்கும் பாதையில் அதன் எடையே பிராக்கெட்டை விரிசலிடச் செய்யும். சாண்டன் நிறுவன வகையில் ஐந்து பிஸ்டன் கொண்ட 138 சிசி கம்ப்ரசரோ, ஏழு பிஸ்டன் கொண்ட 155 சிசி கம்ப்ரசரோ நமக்குப் போதும். நான் ஏழு பிஸ்டன் உள்ளதையே எடுப்பேன், அது சீராகச் சுற்றும். எஞ்சினில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளையே பிடித்துக்கொள்ளும் பிராக்கெட்டாக இருக்க வேண்டும். பெல்ட் சுற்றும் புல்லிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே பெல்ட்டை மாட்ட வேண்டும்.

அக்கா, காலை 9:15
மின்சாரப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தம்பி, நீ சென்ற வாரம் அனுப்பிய படத்தில், எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் தகட்டில் 40 ஆம்பியர் என்று இருந்தது. அது இந்த வேலைக்குப் போதவே போதாது. கணக்கைப் பார்: குளிர்காற்றை ஊதும் புளோயர் முழு வேகத்தில் 12 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும், கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் மின்காந்தக் கிளட்ச் சுமார் 4 ஆம்பியர், கண்டென்சருக்கு முன்னால் மின்விசிறி வைத்தால் இன்னொரு 10க்கு மேல். இரவில் முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியருக்கு அருகில் எடுக்கும். மேலும், தகட்டில் எழுதியிருப்பது எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது கிடைக்கும் அளவு. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அதில் பாதி கிடைத்தாலே பெரிது. பாறை மேல் மெதுவாக ஏறும்போது ஏறக்குறைய ஐடிலிங் நிலையில்தான் எஞ்சின் ஓடுகிறது. அந்த நேரத்தில்தான் ஏசியும் அதிகம் தேவைப்படுகிறது.

ஆகையால் குறைந்தது 80 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டரும், அதிலிருந்து பேட்டரிக்குத் தடிமனான புதிய கம்பியும் வேண்டும். பழைய ஒயரிங்கின் வழியாக ஏசிக்கு மின்சாரம் எடுக்கவே கூடாது. நாற்பது ஆண்டு வெப்பத்தில் அதன் உறை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு கம்பி, அருகிலேயே ஃபியூஸ், புளோயருக்கும் விசிறிக்கும் கிளட்சுக்கும் தனித்தனி ரிலே சுவிட்ச் என்று புதிதாக இழுத்துவிடலாம். கிளட்ச் அணையும்போது சுருளில் எழும் உயர் மின்னழுத்தம் சுவிட்சைத் தீய்த்துவிடாமல் இருக்க ஒரு டயோடும் போடுவேன். சித்தப்பா, பழைய ஒயரிங்கை நான் தொடவே மாட்டேன். எப்போது வேண்டுமானாலும் என் கம்பிகளை மட்டும் உருவி எடுத்துவிடலாம்.

அம்மா, காலை 9:40
ஏசி ஓடினால் எஞ்சின் சூடாகிவிடாதா? ஏற்றத்தில் நடுவழியில் நின்றுவிட்டால் வயதானவரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பெரியப்பா, காலை 10:20
மிகச் சரியான கேள்வி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காருவதால், அறையிலிருந்து எடுத்த வெப்பம் முழுவதையும் சுமந்த காற்றுதான் ரேடியேட்டருக்குள் போகும். போதாததற்குக் கம்ப்ரசரைச் சுற்றும் சுமையும் எஞ்சின்மேல் ஏறுகிறது. ரேடியேட்டரில் பாதிக் குழாய்கள் அடைத்திருந்தாலும் இதுவரை சமாளித்த வண்டி, ஏசி போட்ட முதல் ஏற்றத்திலேயே கொதித்துவிடும். ஆகவே ரேடியேட்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, தேவைப்பட்டால் புதிய கோர் போட்டு, விசிறியைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் ஷ்ரௌட் உறை முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கண்டென்சரைக் கையில் எடுக்க வேண்டும்.

எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒரு தாளைக் கிரில்லின் முன்னால் பிடித்துக் கையை விட்டுப் பார். விசிறி நன்றாக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். வழுக்கி விழுந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு, ஓரங்களை ஃபோம் பட்டையால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் காற்று எளிய வழியாகப் பக்கவாட்டில் நழுவிவிடும். முன்னால் வைக்கும் மின்விசிறியை அழுத்த சுவிட்சோடு இணைத்துவிட்டால், கேஸ் அழுத்தம் கூடும்போது அது தானாகவே ஓடும். அழுத்தம் எல்லை மீறினாலோ, கேஸ் கசிந்து அளவு குறைந்தாலோ அதே சுவிட்ச் கிளட்சை அணைத்துவிடும். அதோடு, எஞ்சினின் வெப்பமானி முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஓட்டுபவருக்குப் பழக வேண்டும்.

நான், காலை 10:34
கார்பரேட்டர் எஞ்சின் ஆயிற்றே, கம்ப்ரசர் பிடிக்கும்போது நின்றுவிடுமா?

பெரியப்பா, காலை 10:45
4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், அவ்வளவு எளிதில் நிற்காது. ஆனால் ஐடிலிங் இறங்கித் தடுமாறும். கிளட்ச் இயங்கும்போது கார்பரேட்டர் லீவரைச் சிறிது தள்ளிக்கொடுக்கும் எஞ்சினின் உறிஞ்சலில் இயங்கும் வேக்கம் டயாபிரமும் அதைத் திறந்து மூட ஒரு சொலினாய்டு மின்வால்வும் வைத்தால் போதும்.

இதைவிட முக்கியம் கேஸ் நிரப்பும் முறை. நானே இளவயதில் அவசரப்பட்டு, குழாய்களிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்கம் பம்ப்பைச் சரியாக ஓட விடாமல் ஒரு வண்டிக்குக் கேஸ் நிரப்பினேன். உள்ளே மிஞ்சியிருந்த ஈரம் எவாப்பரேட்டருக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் பனியாக உறைந்து அடைத்துக்கொண்டது. பத்து நிமிடம் குளிரும், பிறகு சூடான காற்று வரும், அணைத்துப் போட்டால் மீண்டும் பத்து நிமிடம் குளிரும். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஆழ்ந்த வேக்கத்தில் நீர் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகி வெளியேறிவிடும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது பம்ப்பை ஓடவிட்டு, வால்வை மூடி, இன்னொரு அரை மணி நேரம் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன். முள் ஏறினால் கசிவு. கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும், கண்ணளவில் ஏற்றக் கூடாது. ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரின் மூடியை இறுதி நிமிடம் வரை திறக்காதே. திறந்து வைத்தால் அது அறையின் ஈரத்தையே குடித்துத் தீர்ந்துவிடும்.

அம்மா, காலை 11:02
எவாப்பரேட்டர் தண்ணீர் காலில் சொட்டாதே?

பெரியப்பா, காலை 11:06
வடிகுழாய் எங்கும் மேலே ஏறாமல் ஒரே சரிவாகத் தரைக்கு வெளியே போனால் சொட்டாது. ஆற்றைக் கடக்கும்போது சேறு ஏறாமல் இருக்க அதன் முனையில் பிளவு கொண்ட ரப்பர் மூடி ஒன்று போடலாம்.

சித்தப்பா, பகல் 12:30
எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கழற்றும் பழைய பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டி, எண்ணெய் தடவி, ஒரே பெட்டியில் வைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். கிரில்லைத் தொடக் கூடாது, டேஷ்போர்டு தகட்டில் திருகு ஏறக் கூடாது. மிச்சம் இருப்பது ஃபயர்வால். எவாப்பரேட்டருக்குக் கேஸ் போய்வரும் இரண்டு ஹோஸ்களும் உள்ளே வர வழி வேண்டுமே, அண்ணா?

பெரியப்பா, பகல் 12:48
வேண்டும். தரை வழியாகச் சுற்றிக் கொண்டுவரலாம் என்று யோசித்தேன், ஆனால் அங்கே சைலன்சர் சூடும் கல்லடியும் ஹோஸைக் கெடுத்துவிடும். எனவே ஃபயர்வாலில், எவாப்பரேட்டர் பெட்டிக்குப் பின்னால் மறையும் இடத்தில், ஒரே ஒரு துளை இட வேண்டியிருக்கும். வெட்டிய விளிம்பில் உடனே பிரைமர் அடித்து ரப்பர் குரோமெட் போட்டுவிடுவேன். இதைத் தவிர்க்க எனக்கு வழி தெரிந்திருந்தால் உன்னிடம் மறைத்திருக்க மாட்டேன், தம்பி.

சித்தப்பா, பகல் 12:55
அப்படியானால் அதை அப்பாதான் சொல்ல வேண்டும்.

தாத்தா, மாலை 4:20
எல்லோரும் எழுதியதைப் பேத்தி படித்துக் காட்டினாள். முதலில் பீடிங்கும் தரையும் ரேடியேட்டரும் முடியட்டும். அந்த நிலையில் காலையிலும் நண்பகலிலும் ஒருமுறை என்னை வண்டியில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். அதன் பிறகும் தலை சுற்றினால், துளை வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். சின்னவன் பக்கத்தில் நிற்கட்டும், பெரியவன் டிரில்லைப் பிடிக்கட்டும். நானும் வந்து பார்க்கிறேன்.

நான், மாலை 4:26
சரி, தாத்தா. மேட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். ஓட்டுநர் பக்கத் தரையில், பெடலுக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்குத் துரு இருக்கிறது. படம் அனுப்புகிறேன். பெரியப்பா, ஃபோம் ஒட்டுவதற்கு முன் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

பெரியப்பா, மாலை 4:31
எதையும் ஒட்டாதே. சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார், சத்தம் மந்தமாக வருகிறதா, கணீரென்று வருகிறதா என்று சொல். நான் நாளை காலை கம்பி பிரஷ்ஷோடு வருகிறேன்.