பனி உருகுற சமயத்துல மலைக்கு ஒரு நாள் ரைடு, காலைல எத்தனை மணிக்கு கிளம்பலாம்?

மலைவாசம்27:
எல்லாருக்கும் வணக்கம். குளிர்காலம் முழுக்க, கிட்டத்தட்ட நாலு மாசம், வண்டி கவர் போட்டு மூடித்தான் கிடந்துச்சு. போன வாரம் மூணு நாள் நல்ல வெயில் அடிச்சதும் மனசு நிலைகொள்ள மாட்டேங்குது. வர்ற சனிக்கிழமை தனியா கிளம்பலாம்னு இருக்கேன். மொத்தம் 320 கிமீ வரும், முதல் 60 கிமீ சமவெளி, அப்புறம் மலை ஏறி ஒரு கணவாய் தாண்டி அந்தப் பக்கம் இருக்கற ஏரி வரைக்கும் போயிட்டு வேற வழியா இறங்கி வர்ற மாதிரி. நான் இருக்கறது 300 மீட்டர் உயரத்துல, கணவாய் 1500 மீட்டர். வண்டி 400 சிசி, ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கறது) இருக்கு.

கோடைல எப்பவும் விடியற்காலை 5 மணிக்கே கிளம்பிடுவேன், ரோடு காலியா இருக்கும், வெயில் ஏறறதுக்குள்ள மேல போயிடலாம். இந்தத் தடவையும் அதே கணக்குதான் வச்சிருக்கேன், ஆனா வசந்தம் ஆரம்பிக்கறப்ப மலைக்குப் போறது இதுதான் முதல் தடவை. 5 மணி சரியா வருமா? வேற என்ன பார்த்துக்கணும்? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

கொண்டைஊசி:
5 மணி வேண்டவே வேண்டாம் நண்பா. கோடைல சரியா இருக்கற கணக்கு இப்ப தலைகீழா மாறிடும்.

மேல ஏற ஏற ஆயிரம் மீட்டருக்குச் சராசரியா 6.5 டிகிரி குறையும். உங்களுக்கு 1200 மீட்டர் வித்தியாசம், அப்போ 8 டிகிரி போயிடும். வீட்டு வாசல்ல 6 டிகிரி இருந்தா கணவாய்ல மைனஸ் 2. அதோட பகல்ல ரோட்டோரம் குவிஞ்சு கிடக்கற பனி உருகி ரோட்டைக் குறுக்கால தாண்டி ஓடும், ராத்திரி அந்தத் தண்ணி அப்படியே உறைஞ்சுடும். விடியற்காலைல பார்த்தா சும்மா ஈரமா இருக்கற மாதிரிதான் தெரியும், கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கறதால கீழ இருக்கற தாரோட கருப்புதான் கண்ணுக்குத் தெரியும். கார்னா வழுக்கினாலும் நாலு சக்கரம் இருக்கு, நமக்கு ரெண்டுதான்.

பாலம் வந்தா இன்னும் கவனம், அடியிலயும் காத்து போறதால மத்த ரோட்டை விட முந்தி உறையும். பூமியோட வடபாதில இருக்கீங்கன்னா வடக்கு பார்த்த சரிவுல வெயிலே படாது, மதியம் வரைக்கும் உறைஞ்சே கிடக்கும். மேப்ல உங்க வழி எந்தப் பக்கமா ஏறுது, எந்தப் பக்கமா இறங்குதுன்னு இப்பவே பார்த்து வச்சுக்குங்க.

நான் போறதா இருந்தா ஒன்பதரைக்குக் கிளம்பி, 12 மணி வாக்குல கணவாய்ல இருந்து, 4 மணிக்குள்ள மலையை விட்டு இறங்கிடுவேன். முக்கியமா கணவாய் திறந்திருக்கான்னு முந்தின நாளே விசாரிச்சுடுங்க. உயரமான கணவாய்லாம் இப்ப மூடிதான் இருக்கும், இத்தாலில ஸ்டெல்வியோ 2757 மீட்டர், அது மே கடைசி, ஜூன்லதான் திறக்கும். உங்களோடது 1500ங்கறதால வாய்ப்பு இருக்கு, ஆனா விசாரிக்காம போகாதீங்க.

காத்துவாக்குல:
அவ்வளவு பயப்படணுமா? ராத்திரி வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழ போகலன்னா ஐஸே கட்டாதே. வானிலை பார்த்துட்டு 7 மணிக்குக் கிளம்பலாம்னு நினைக்கறேன்.

கொண்டைஊசி:
வானிலைல சொல்றது காத்தோட வெப்பநிலை, அதுவும் ஆள் உயரத்துல அளந்தது. மேகமே இல்லாத ராத்திரில ரோடு தன்னோட சூட்டை நேரா வானத்துக்கு விட்டுடும், அதனால காத்தை விட ரோடு ரெண்டு மூணு டிகிரி கூடுதலா குளிர்ந்துடும். காத்து 2 டிகிரின்னு காட்டும், ரோடு பூஜ்யத்துக்குக் கீழ இருக்கும். நல்ல வெயில் நாளுக்கு முந்தின ராத்திரிதான் பெரும்பாலும் அப்படி மேகம் இல்லாம இருக்கும், நாம ரைடு போக ஆசைப்படறதும் அந்த நாள்தான்.

மூணாவதுகியர்:
ஐஸ் பத்தி அவர் சொல்லிட்டார், நான் மணல் பத்தி சொல்றேன், ஏன்னா என்னைக் கிட்டத்தட்ட கீழ போட்டது அதுதான். குளிர்காலத்துல வழுக்காம இருக்க ரோட்ல மணலும் பொடிக்கல்லும் போடுவாங்க, பனி போனப்புறமும் அது அங்கேயேதான் கிடக்கும், கூட்டி எடுக்க வாரக்கணக்காகும். உருகற தண்ணி அதை அடிச்சுட்டு வந்து வளைவோட உள்பக்கத்துல சேர்த்து வச்சுடும், அதாவது நாம வண்டியைச் சாய்க்கற அதே இடத்துல.

மூணு வருஷம் முன்னாடி ஒரு இடது பக்க வளைவு, வேகம் 45தான் இருக்கும், ரோடு காஞ்சு போய் வெயில்ல வெளுத்துக் கிடந்துச்சு. மணலும் அதே நிறம். முதல்ல காதுலதான் விழுந்துச்சு, டயருக்கு அடியில சரசரன்னு ஒரு சத்தம், அடுத்த நொடி பின்சக்கரம் வெளிப்பக்கமா ஒரு அடி நகர்ந்துடுச்சு. பிரேக்கைத் தொடல, ஆக்சிலேட்டரையும் விடல, நல்ல தார் வந்ததும் டயர் தானா பிடிச்சுக்கிச்சு. வண்டியை ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கழட்டறப்ப கை நடுங்கறது நிக்கவே பத்து நிமிஷம் ஆச்சு.

அதுல இருந்து இந்த சீசன்ல எனக்கு ஒரே பழக்கம்தான். வளைவுக்கு முன்னாடி வண்டி நேரா இருக்கறப்பவே பிரேக் பிடிச்சு, போற வேகத்தை முழுசா குறைச்சு முடிச்சுட்டு, அப்புறம்தான் திருப்புவேன். மணல் மேல ஏறிட்டா வண்டியை நிமிர்த்தி வச்சு, எதையும் இழுக்காம முறுக்காம தாண்டிடுவேன். கார் சக்கரம் போற தடம் கொஞ்சம் சுத்தமா இருக்கும், அந்தத் தடத்துலயே போங்க, நடுவுலயும் ஓரத்துலயும்தான் மணல் சேரும். ஏபிஎஸ் இருக்குன்னு நம்பி வளைவுல பிரேக் அடிக்காதீங்க ப்ரோ, சாதாரண ஏபிஎஸ் நேரா போறப்பதான் காப்பாத்தும், வண்டி எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது.

குழியும் புதுசு புதுசா இருக்கும். விரிசல்ல இறங்கின தண்ணி உறையறப்ப 9 சதவீதம் போல பெருத்துத் தாரைத் தூக்கிடும். போன வருஷம் நல்லா இருந்த ரோடுன்னு மனசுல வச்சுட்டு ஓட்டாதீங்க.

பழையஸ்பானர்:
நாலு மாசம் நின்ன வண்டி. முதல்ல டயர் பாருங்க. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் (டயர் மேல இருக்கற வெட்டு) ஆழமா இருந்தாலும் பழைய ரப்பர் குளிர்ல கல்லு மாதிரி இறுகிடும், பிடிக்காது. டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு, கிளம்பற அன்னைக்கு வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க, 10 டிகிரி குறைஞ்சா ஒன்றரையில இருந்து 2 பிஎஸ்ஐ வரைக்கும் இறங்கும். பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் கீழன்னா சார்ஜ் போடுங்க. பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மாத்திடுங்க, அது தண்ணியை இழுத்துக்கும், மலை இறக்கத்துல தொடர்ந்து பிரேக் பிடிச்சா சூட்டுல அந்தத் தண்ணி கொதிச்சு லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். இறக்கத்துல கியரைக் குறைச்சு இன்ஜினாலேயே வண்டியைப் பிடிச்சு இறக்குங்க.

மலைவாசம்27:
இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, ரொம்ப நன்றி. 5 மணி கேன்சல். டயர் கோடு இப்பவே போய் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பின்னாடி 1216னு இருக்கு. மாத்திட்டுத்தான் போறேன், ஒரு வாரம் தள்ளி வச்சாச்சு. டிரஸ் பத்தியும் யாராவது சொல்லுங்களேன், கீழ வெயில், மேல குளிர், எப்படி சமாளிக்கறது?

மூணாவதுகியர்:
மேல காத்தே நுழையாத ஒரு லேயர் இருந்தே ஆகணும். 5 டிகிரில 80 கிமீ வேகத்துல போனா உடம்புக்கு மைனஸ் 3 மாதிரி இருக்கும். உள்ள ரெண்டு மெல்லிசு போடுங்க, ஒரே தடிமனா வேண்டாம், ஏறறப்ப வேர்த்து நனைஞ்சுட்டா இறங்கறப்ப அந்த ஈரமே உறைய வைக்கும். விரல்தான் முதல்ல போகும். கிளட்ச் லீவர் விரல்ல படறது தெரியலன்னா அடுத்த வளைவு வரைக்கும் போகலாம்னு நினைக்காதீங்க, அங்கேயே நிறுத்தி இன்ஜின் பக்கத்துல கையைக் காட்டி சூடு பண்ணிட்டு போங்க. குளிர்ல யோசிக்கறதே மெதுவாயிடும், நமக்கே அது தெரியாது.

கொண்டைஊசி:
புது டயர்னா முதல் 150 கிமீ போல ரொம்ப சாய்க்காதீங்க, வழவழப்பு போகணும். அந்த சமவெளி ரோட்டுல நாலு நாள் ஓட்டிட்டு அப்புறம் மலைக்குப் போங்க.

மலைவாசம்27:
நேத்து போயிட்டு வந்துட்டேன், சொன்னவங்களுக்கு சொல்லியே ஆகணும்னு எழுதறேன். 9.40க்குக் கிளம்பினேன். கணவாய்க்குக் கொஞ்சம் கீழ, மரம் அடர்ந்து ரோடே இருட்டா இருந்த ஒரு வளைவுல, பனிக்குவியல்ல இருந்து ரோட்டுக்குக் குறுக்கால கருப்பா ஒரு கோடு. ஈரம்னுதான் தோணுச்சு. நடந்து போற வேகத்துக்குக் குறைச்சு, தாண்டிப் போய் நிறுத்திட்டு, திரும்ப நடந்து வந்து ஓரத்துல பூட்ஸை வச்சு அழுத்திப் பார்த்தேன், நறுக்குன்னு உடைஞ்சுது. மணி 11.50, பளிச்சுன்னு வெயில் அடிக்குது, அந்த நிழல்ல மட்டும் இன்னும் ஐஸ். 5 மணிக்குக் கிளம்பியிருந்தா அந்த இடத்துக்கு நான் ஏழரைக்கெல்லாம் வந்திருப்பேன், தூக்கக் கண்ணோட, கோடை வேகத்துல.

ஏரி பாதி உறைஞ்சே கிடந்துச்சு. ஓரத்துல உருகின துண்டுங்க காத்துல ஒண்ணோட ஒண்ணு உரசி கிண்கிணின்னு சத்தம், வேற ஒரு சத்தமும் இல்ல. அரை மணி நேரம் ஹெல்மெட்டை மடியில வச்சுட்டு அதையே கேட்டுட்டு இருந்தேன். 3.50க்குக் கடைசி வளைவு இறங்கியாச்சு. இறங்கற வழி முழுக்க மணல்தான், மூணாவதுகியர் சொன்ன மாதிரி எல்லா வளைவுக்கும் முன்னாடியே பிரேக்கை முடிச்சுட்டேன், ரெண்டு இடத்துல அந்த சரசர சத்தம் எனக்கும் கேட்டுச்சு.

மூணாவதுகியர்:
நல்லபடியா வந்தது ரொம்ப சந்தோஷம் ப்ரோ. அந்த இறங்கற வழியில மணல் எந்த எந்த வளைவுல இருந்துச்சுன்னு ஞாபகம் இருந்தா எழுதுங்க, அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் போறேன்.