பிரஷர் விழப்போவதை முன்கூட்டிச் சொல்லும் ஏ.ஐ. மானிட்டர்: இதய ஐ.சி.யு.வில் வைக்கும் முன் எதைச் சரிபார்ப்பது?

காட்பாடி_ஐசியு:

வணக்கம். வேலூர்ப் பக்கம் 8 படுக்கை உள்ள இதய ஐ.சி.யு., ஒரு தியேட்டர். ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்துப் பிரஷரை அளக்கும் குழாய்) அலையைப் படித்து, பிரஷர் விழுவதற்குச் சில நிமிடம் முன்பே எச்சரிக்கும் மானிட்டர் வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. 0 முதல் 100 வரை ஓர் எண் காட்டும், 85ஐத் தொட்டால் மணி அடிக்கும். எங்களிடம் வருவதில் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட நோயாளிகள் நிறைய, மீதி பைபாஸ் ஆபரேஷன். ராத்திரியில் ஒரு சிஸ்டருக்கு இரண்டு படுக்கை. ஏற்கெனவே மணிச் சத்தம் ஓயாத அறை. உண்மையில் பயன் உண்டா? வைப்பதற்கு முன் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்? கருவியோடு வேலை செய்பவர்கள் சொன்னால் நல்லது.

பாலாறு_மயக்கவியல்:

ஆய்வு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வது ஹைப்போடென்ஷன் பிரெடிக்‌ஷன் இண்டெக்ஸ் (பிரஷர் வீழ்ச்சியைக் கணிக்கும் எண்) வகை. 2020இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் சோதனையில், இதயம் அல்லாத ஆபரேஷன்களில், பிரஷர் தாழ்ந்திருந்த நேரத்தின் மீடியன் (நடு மதிப்பு) 32.7 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாகக் குறைந்தது. ஆனால் அது சுமார் 60 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனை. பிறகு எழுந்த விமர்சனம் முக்கியமானது: கருவியைப் பழக்கிய தரவில் ‘விழாத நேரம்’ என்று எடுத்தவை மீன் பிரஷர் (சராசரி அழுத்தம்) 75க்கு மேல் இருந்த துண்டுகள். 65க்கும் 75க்கும் நடுவில் இருப்பதை விட்டுவிட்டார்கள். நமக்கு முடிவெடுக்கத் திணறலே அந்த இடத்தில்தான். அதனால் எண் 85ஐத் தொடுவதும் மீன் பிரஷர் 72, 73க்கு இறங்குவதும் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன. இருக்கிற மானிட்டரிலேயே மீன் பிரஷர் அலாரத்தை 73இல் வைத்து இரண்டு வாரம் பாருங்கள். புதுக் கருவி அதைவிட எவ்வளவு முந்துகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து லைன். கருவிக்குத் தெரிவதெல்லாம் டிரான்ஸ்டியூசர் (லைனின் அழுத்தத்தை மின் அலையாக மாற்றும் உணரி) அனுப்பும் அலை மட்டும். டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. விலகினால் சுமார் 7.5 மி.மீ. பிழை. ஸ்டாண்டில் மாட்டியிருக்கும்போது கட்டிலை ஏற்றினால் பிரஷர் பொய்யாக உயரும், இறக்கினால் பொய்யாகத் தாழும். நான்காவது விலா இடைவெளி, நடு அக்குள் கோடு: அங்கே கையில் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பாதி போய்விடும். லைனுக்குள் திரவத்தைத் தள்ளும் பிரஷர் பேக் 300 மி.மீ. அழுத்தத்தில் இருக்கிறதா என்று ஷிஃப்ட் தொடக்கத்தில் பார்க்க வேண்டும்.

குமிழியோ சிறு கட்டியோ குழாய் மடிப்போ இருந்தால் அலை மழுங்கும். சிஸ்டாலிக் தாழும், டயஸ்டாலிக் ஏறும், மீன் மட்டும் ஓரளவு சரியாக நிற்கும். நாம் மீனைப் பார்த்துத் தப்பித்துவிடுகிறோம். ஆனால் ஏ.ஐ. படிப்பது அலை ஏறும் சரிவை, அதன் வடிவத்தை. நம் கண்ணுக்குப் பரவாயில்லாத லைன் அதற்குக் கெட்ட லைன். எனவே ஃபிளஷை (லைனுக்குள் திரவத்தை வேகமாகப் பாய்ச்சும் வால்வு) ஒரு நொடி இழுத்துவிடுங்கள்: திரையில் சதுர அலை விழுந்தபின் ஒன்றிரண்டு துள்ளலோடு அடங்க வேண்டும். துள்ளலே இல்லையென்றால் மழுங்கல், நிறையத் துள்ளினால் சிஸ்டாலிக் பொய்யாக உயர்ந்து காட்டும்.

ஹார்ட்-லங் பம்பிலிருந்து (ஆபரேஷனில் இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இயந்திரம்) இறங்கிய உடனே இன்னொரு சிக்கல். மணிக்கட்டில் உள்ள ரேடியல் தமனியின் பிரஷர், மகாதமனியில் இருப்பதைவிட மீனில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேலும் குறைவாகக் காட்டலாம். கருவி மணி அடிக்கும், நாம் பிரஷரை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தை ஏற்றுவோம், உண்மையில் தேவையே இருக்காது. சந்தேகம் வந்தால் சர்ஜனிடம் சொல்லி மகாதமனியில் நேரடியாக அளக்கச் சொல்லுங்கள், அல்லது தொடைத் தமனியில் ஃபெமொரல் லைன். பம்ப் ஓடும்போது துடிப்பே இல்லை. இதயத்துக்கு உதவ மகாதமனியில் பலூன் பம்ப் போட்டிருந்தால் அலை இதயத்தினுடையது மட்டும் அல்ல. இரண்டிலும் அந்த எண்ணை நம்ப வேண்டாம். மைட்ரல் ஸ்டெனோசிஸில் (மைட்ரல் வால்வு குறுகுவது) ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) சாதாரணம். அதில் ஒவ்வொரு துடிப்பும் ஓர் அளவு. நம்மூர் நோயாளிகளில் பலருக்கு இதுதான் நிலை என்பதால், விற்பவரிடம் ‘ஃபிப்ரிலேஷன் உள்ள வால்வு நோயாளிகளில் எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்?’ என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சேண்பாக்கம்_சிஸ்டர்:

டாக்டர் சொன்னதோட, நெஞ்சிலேருந்து ரத்தத்தை வெளியேத்துற டிரெயின் குழாயையும் சேர்த்துக்கணும். மானிட்டருக்கு நெஞ்சு டிரெயின் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு 100, 80 மி.லி.ன்னு வந்துட்டிருந்தது திடீர்னு நின்னு, சி.வி.பி. (பெரிய சிரையில இருக்கிற அழுத்தம்) ஏறி, பல்ஸ் பிரஷர் (சிஸ்டாலிக்குக்கும் டயஸ்டாலிக்குக்கும் உள்ள வித்தியாசம்) குறுகி, யூரின் குறைஞ்சா அது டாம்பொனாட் (இதயத்தைச் சுத்தி ரத்தம் சேர்ந்து அதை நசுக்குறது)னு நினைக்கணும். குழாய் அடைச்சதால டிரெயின் நின்னிருக்கும், ரத்தம் உள்ளேயே சேரும். அப்போ ஏ.ஐ. ‘பிரஷர் விழப்போகுது’ன்னு சரியாத்தான் சொல்லும். ஆனா அதை நம்பி நார்அட் ஏத்திட்டே போனா எண் நல்லா இருக்கும், இதயம் நசுங்கிட்டே இருக்கும். எனக்குப் பெரிய பயம் இதுதான். மணி அடிச்சா முதல் வேலை மருந்தில்ல: அலையைப் பார், ஃபிளஷ் பண்ணு, ரிதம் பார், டிரெயின் பார், சி.வி.பி. பார். டிரெயின் நின்னு சி.வி.பி. ஏறியிருந்தா உடனே சர்ஜனுக்கு போன். ஆபரேஷன் முடிஞ்சு இதயம் நின்னா, ஷாக்கும் பேசிங்கும் (மின்துடிப்பு கொடுத்து இதயத்தை ஓட்டுறது) பலிக்கலைன்னா 5 நிமிஷத்துக்குள்ள நெஞ்சைத் திறக்கணும். அந்த செட் எந்த அலமாரியில இருக்குன்னு ராத்திரி ஷிஃப்ட்ல எல்லாருக்கும் தெரியணும்.

சிரிஞ்ச் மாத்துறதையும் ஏ.ஐ. கணக்குல எடுக்காது. நார்அட் 50 மி.லி.ல 4 மி.கி. போட்டா மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு, நிமிஷத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 0.1 மைக்ரோகிராம் ஓடினா மணிக்கு 4.5 மி.லி. கடைசி 5 மி.லி. ஒரு மணி நேரம்தான். அடுத்த சிரிஞ்ச் பம்பை முன்னாடியே லோடு பண்ணி ஓடவிட்டு வைக்கணும், ஏன்னா குறைஞ்ச வேகத்துல பம்ப் தொடங்கி மருந்து லைனுக்கு வர நேரம் ஆகும். ஓடுற பம்பை உயரத்துக்குத் தூக்கினா சின்ன போலஸ் (ஒரே தடவையில கொஞ்சம் கூடுதல் மருந்து) போயிடும், இறக்கினா கொஞ்ச நேரம் நின்னுடும். மணி அடிக்கிறதுல பாதி இப்படி நம்ம கையால வர்றது.

இன்னொண்ணு. வலியைச் சித்தூர்லேருந்து வர்றவர் ‘நொப்பி’ன்னு சொல்வார், ஜார்க்கண்ட்லேருந்து வர்றவர் ‘தர்த்’ன்னு சொல்வார். வலியால பிரஷர் ஏறுறதையும் இறங்குறதையும் அந்த எண் விளக்காது. படுக்கையோரம் மொழி அட்டை வைங்க.

பம்ப்_ராணிப்பேட்டை:

தியேட்டர் பக்கம் ஒரு விஷயம். நோயாளி ஹார்ட்-லங் பம்பில் இருக்கும்போது மானிட்டர் மணிகளை எல்லாம் நிறுத்திவைப்போம். இறங்கும்போது திரும்பப் போட மறப்பதும், வென்டிலேட்டரை ஓட்ட மறப்பதும் பழைய தவறுகள். புது ஏ.ஐ. திரையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்: வென்டிலேட்டர் ஓடுகிறது, மணிகள் திறந்தாகிவிட்டன, வெப்பம், பொட்டாசியம், கால்சியம், ரிதம், பேசிங் என்று வாய்விட்டுப் படியுங்கள். ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமினும் அப்படித்தான். 100 யூனிட் ஹெப்பாரினுக்கு சுமார் 1 மி.கி. கணக்கு. ‘புரோட்டமின் தொடங்குகிறேன்’ என்று மயக்க மருத்துவர் சொன்னால், பெர்ஃப்யூஷனிஸ்ட் (ஹார்ட்-லங் பம்பை ஓட்டுபவர்) அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒரு பங்கு போனதும் பம்ப் சக்ஷன் (சிந்திய ரத்தத்தைப் பம்புக்குள் உறிஞ்சுவது) நிற்க வேண்டும். திருப்பிச் சொல்லாத வார்த்தை போய்ச் சேராத வார்த்தை. இந்த இடத்தில் எந்தக் கருவியும் உதவாது.

வாங்குவதென்றால் முதல் ஆறு வாரம் திரையை மறைத்து ஓட்டுங்கள். மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், லேப் மூன்றின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றனவா பாருங்கள். 4 நிமிடம் விலகினால் முன்கணிப்பு அளவீடே பொய். எண்ண வேண்டியவை: 12 மணி நேர ஷிஃப்டில் படுக்கைக்கு எத்தனை முறை மணி அடித்தது, அதில் எத்தனை உண்மை, 73 அலாரத்தைவிட எத்தனை நிமிடம் முந்தியது. 2021இல் மிச்சிகனில் ஒரு செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) முன்கணிப்பு மென்பொருளை வெளியார் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு செப்சிஸ் நோயாளிகளை அது தவறவிட்டிருந்தது. எச்சரித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கே செப்சிஸ். விற்றவர் சொன்ன எண் வேறு. மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் தேதியும் பதிப்பு எண்ணும் எழுதிவைத்து, எண்ணிக்கையைத் திரும்ப எடுங்கள்.

காட்பாடி_ஐசியு:

மிக்க நன்றி. லைன் சோதனையை நாளைக்கே தொடங்குகிறோம். ஒன்றே ஒன்று: மணி யாருக்குப் போக வேண்டும்? டாக்டர் போனுக்கு நேரே அனுப்பலாம் என்கிறார்கள்.

பாலாறு_மயக்கவியல்:

வேண்டாம். முதலில் படுக்கையருகே உள்ள சிஸ்டருக்கு மட்டும், மற்ற மணிகளிலிருந்து வேறுபட்ட ஒலியில். 2 நிமிடத்துக்குள் அவர் ‘பார்த்தேன்’ என்று அழுத்தாவிட்டால் டூட்டி டாக்டருக்கு. அழுத்தினால் மணி அடங்கலாம், எண் திரையில் நிற்க வேண்டும். எந்த மருந்தை எவ்வளவு வரை சிஸ்டரே ஏற்றலாம், எங்கே நிறுத்தி டாக்டரை அழைக்க வேண்டும் என்பதைக் கட்டில்தோறும் ஆர்டரில் எழுதுங்கள். ‘நார்அட் 0.1 வரை, அதற்கு மேல் போன்’ என்ற அளவுக்கு.