கிரிஸ்லியா, ரூபிகானா, ஸ்போர்ட்ஸ்மேனா?

ஒன்டாரியோவில் ஏடிவி (கரடுமுரடான பாதைகளுக்கான நான்கு சக்கர வண்டி) ஓட்டும் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். ஹாலிபர்ட்டன் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஓட்டவும், குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ளவும் ஒரே வண்டியாக வாங்கப் பார்க்கிறேன். யமஹா கிரிஸ்லி 700, ஹோண்டா ரூபிகான் 520, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்று மூன்றில் வந்து நிற்கிறேன்.

வேகம் என்றால் கிரிஸ்லிதான். 686 சிசி இன்ஜின். ஆனால் பாறையும் சேறும் மாறிமாறி வரும் பாதையில் அந்த வேகத்தை எங்கே காட்டுவது? மெதுவாக ஏறும்போது கிடைக்கும் இழுவையும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங்கும்தான் (இன்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) எனக்கு முக்கியம். மற்ற இரண்டிலும் இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்த ஒரு ரப்பர் பெல்ட் உண்டு; ரூபிகானில் அந்த பெல்ட்டே கிடையாது, முழுக்க கியர். தண்ணீரில் இறங்கினால் பெல்ட் நனைந்து வழுக்குமோ, பனி தள்ளும்போது சூடேறுமோ என்ற கவலை இல்லை. மனசு அங்கேதான் சாய்கிறது. ஆனால் 518 சிசி போதுமா? ஸ்போர்ட்ஸ்மேனுக்கு 44 குதிரைத்திறன், விலையும் கையைக் கடிக்காது.

ரூபிகான் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: செங்குத்தான ஏற்றத்தில், பின்னால் சுமையும் இருந்தால், லோ கியரில் திணறுகிறதா? ஸ்போர்ட்ஸ்மேன் ஓட்டுபவர்கள் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள்? அப்புறம், பனி தள்ள பிளேடு மாட்டியவர்கள், அதைத் தூக்கி இறக்கும் வின்ச்சும் (கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆனது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.