மறு: ரூட்டிங் டேபிள் – ‘வழித்தட அட்டவணை’ சரியா?

வணக்கம்.

வலைப்பின்னலில் வரும் தரவை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டர் பார்க்கும் பட்டியல்தான் ரூட்டிங் டேபிள். அதற்குத் தமிழில் ‘வழித்தட அட்டவணை’ என்று நேற்றைய மடலில் முன்மொழிந்திருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைக்காரர் காதில் விழுந்தால் பஸ்தான் நினைவுக்கு வரும்: எங்கே கிளம்பி, எந்தெந்த நிறுத்தம் தொட்டு, எங்கே முடிகிறது என்று முழுப் பாதையும். ரவுட்டருக்குள் இருக்கும் அட்டவணையில் அது கிடையாது. அதுதான் என் தகராறு.

லினக்ஸ் கணினியில் ‘ஐபி ரூட்’ (ip route) என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள், அதன் அட்டவணை தெரியும். வீட்டுக் கணினியென்றால் இரண்டு மூன்று வரிதான் வரும். இந்த முகவரிகளுக்குப் போகிற பொட்டலமா (தரவுத் துண்டு, பாக்கெட்), இந்த இடைமுகம் (இணைப்பு வாசல்) வழியாக இவரிடம் கொடு, அவ்வளவே. வாங்கியவர் அதை யாரிடம் தருவார் என்பது அட்டவணைக்குத் தெரியாது.

கூட்டமான 29சி-யில் முன்படியில் ஏறியவர் காசை நீட்டி, “பெரம்பூர் ஒண்ணு, பாஸ் பண்ணுங்க” என்பார். வாங்குகிறவருக்கு கண்டக்டர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அந்தப் பக்கத்தில் நிற்கும் அடுத்த கையில் கொடுப்பார். நடுவில் எத்தனை கை என்று யாரும் எண்ணுவதில்லை. கண்டக்டர் இருக்கிற இடமே தெரியாதவரும் சும்மா பின்னால் தள்ளிவிடுவார். வேறெந்த வரியும் பொருந்தாத பொட்டலத்துக்கான நம் 0.0.0.0/0 வரி செய்வதும் அதேதான்.

ஆகவே என் ஓட்டு ‘திசை அட்டவணை’க்கு. ரவுட்டருக்குத் ‘திசைவி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இது எளிதாக ஒட்டிக்கொள்ளும். பொட்டலத்தை அடுத்து வாங்குகிறவரான நெக்ஸ்ட் ஹாப்புக்கு ‘அடுத்த தாவல்’ வேண்டாமே, உலாவியின் டேபுக்கும் தாவல் என்றுதான் எழுதுகிறோம். ‘அடுத்த கை’ போதும். முதலில் ‘கைமாற்று அட்டவணை’ என்றுகூட யோசித்தேன். வீட்டில் சொன்னதும், “யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தீங்கன்னா?” என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

பஸ் உவமை ஓரிடத்தில் உதவாது. 10.20.5.7-க்கு ஒரு பொட்டலம் வருகிறது. அட்டவணையில் 10.0.0.0/8, 10.20.0.0/16 என இரண்டு வரியும் பொருந்துகின்றன. (கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியின் தொடக்கத்தில் எத்தனை பிட் ஒத்துப்போக வேண்டும் என்பது; அந்தத் தொடக்கப் பகுதிதான் முன்னொட்டு.) எது முதலில் எழுதியிருக்கிறது என்பது கணக்கில்லை. முன்னொட்டு நீளமானதே வெல்லும், அதாவது /16. இதற்கு ‘நீள்முன்னொட்டுப் பொருத்தம்’ என்று வைக்கலாம். இலக்கணத்தில் முன்னொட்டு சொல்லின் தலையில் நிற்பதுபோல இங்கே முகவரியின் தலையில் நிற்கிறது. வலிந்து பொருத்தியதாகத் தோன்றவில்லை.

அப்புறம், ஃபார்வர்டிங் டேபிளுக்கும் இதே சொல்லைப் போடாதீர்கள். திசை அட்டவணையில் தேர்வான வரிகள் மட்டும், வேகமாகத் தேடுவதற்காக, அங்கே போய் உட்காருகின்றன. 2014 ஆகஸ்டில் உலக இணையத்தின் திசை அட்டவணை வரிகள் 5,12,000-ஐத் தாண்டியபோது பழைய ரவுட்டர்கள் சில தடுமாறியது, இந்த இரண்டாவது அட்டவணைக்கான நினைவகத்தில் இடம் போதாமல்தான். இதற்கு ‘கடத்தல் அட்டவணை’ என்று ஒரு யோசனை வந்திருந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுங்கத்துறை வைத்திருக்கும் பட்டியல் மாதிரி இருக்கிறது. வேறு சொல் யாரிடமாவது உண்டா?